நகராத காரில் முப்பது நிமிடம்

...பதினோரு வினாடி சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான், என்ஜினைப் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குக்கூட இப்போதெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மனுஷன் குனிந்த தலை நிமிராமல் என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதட்டும், நான்கு மாதமாக அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் அவரோடு பேசுவதில்லை... எட்டு, ஒன்பது, பத்து, கிளட்ச், முதல் கியர், இதோ திரையில் கோடு ஏறுகிறது, நானும் ஏறுகிறேன். காருக்கு அடியில் ரோலர் சுற்றுகிறது, கார் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாலு மூலையிலும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறோம். முன்னால் ஆளுயர மின்விசிறி என் வேகத்துக்குத் தகுந்தபடி காற்றை ஊதுகிறது, பின்னால் புகைக்குழாயில் மாட்டிய தடித்த குழாய் வழியாக இந்தக் கார் விடும் புகையெல்லாம் அடுத்த அறைக்குப் போய்ப் பைகளில் நிறைகிறது, மெதுவான ஓட்டத்துக்கு ஒரு பை, அதைவிட வேகத்துக்கு ஒன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் நெடுஞ்சாலை வேகத்துக்கு ஒன்று, மொத்தம் நாலு. முப்பது நிமிடம், இருபத்து மூன்று கிலோமீட்டர், ஒரு அங்குலம் நகராமல். ஒரு புதுக் கார் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயுவை விடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்கு அதை ஓட்டிக் காட்டுகிற ஆள் நான். பதினோரு வருடமாக இதுதான் வேலை. இந்த ஓட்டம் முடிந்ததும் லாக்கரைத் திறந்து, பையில் இருக்கும் அந்தப் புகார்க் கடிதத்தை எடுத்து, மாடியில் மேனேஜர் கையில் கொடுக்கப் போகிறேன், கொடுத்தால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சூப்பர்வைசருக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம். இருந்தால்? என் வீட்டுக்காரருக்குக்கூட எவ்வளவோ வருடம் இருந்தது.

கோடு இறங்குகிறது, பிரேக், மெல்ல, மெல்ல... நான் போக வேண்டிய வேகத்தைக் காட்டித் திரையில் ஓடும் இந்தக் கோட்டை விட்டு மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, தப்பினால் ஓட்டம் செல்லாது. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் தப்பிக்கொண்டேதான் இருந்தேன், இதே சூப்பர்வைசர்தான் மைக்கில் சொல்வார், கோட்டைத் துரத்தாதம்மா, அது வர்ற வழியில நீ முன்னாடியே போய் நில்லு என்று. ஒரு வருடத்தில் பிடித்துவிட்டேன். அப்புறம் எனக்குப் பெயரே பஞ்சுக்கால் என்று ஆகிவிட்டது, ஆக்ஸிலரேட்டரை நான் மிதிப்பதில்லையாம், தடவுகிறேனாம், வேறு யார் ஓட்டினாலும் வருவதைவிட என் காலுக்கு இரண்டு மூன்று கிராம் குறைவாக வரும், அதனால் பெரிய ஓட்டமெல்லாம் என் தலையில்தான். இதை வீட்டில் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் டாக்ஸி ஓட்டுகிறவர், பழைய டீசல் வண்டி, ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஊரைச் சுற்றுகிறவர், அவருக்கு என் வேலை ஒரு தீராத வேடிக்கை. இவ்வளவு பஞ்சா மிதிக்கிற கால், என்னை மட்டும் ஏன்டி ராத்திரி தூக்கத்துல அப்படி உதைக்குது? என்று கேட்பார், மகள் இருக்கிறாள் என்ற கூச்சம்கூடக் கிடையாது. ரோட்டுல எவன் உன் கோடு மாதிரி ஓட்டுறான், குறுக்க நாய் வரும், பஸ்காரன் இடிக்க வருவான், ஏறி உட்கார்ந்தவன் சீக்கிரம் போ சீக்கிரம் போன்னு உயிரை எடுப்பான், அதுக்கெல்லாம் உன் மெஷின்ல கிராம் இருக்கா? என்று கேட்பார். இல்லை என்பேன். பின்ன என்ன பெரிய டெஸ்ட்டு என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அதைப் பார்க்கத்தான் கேட்பார் என்று தெரிந்தும் வரும்.

இரண்டாவது பை. மூன்றாவது கியர், நாற்பத்தைந்து, ஐம்பது... கால் தன் பாட்டுக்குப் போகிறது, நல்ல வேளை, காலுக்கு என் யோசனை எதுவும் தெரியாது. வேலைக்குப் போக அவர் வண்டியில் ஏறினால் சிக்னலுக்குச் சிக்னல் சண்டைதான், நிற்கும்போது என்ஜினை அணையுங்கள் என்பேன், அணைத்துப் போட்டால் பாட்டரி போய்விடும் என்பார், போகாது என்பேன், நிற்கிற வண்டி விடுகிற புகைக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கணக்கில் வராது, வெறும் தண்டம், அதற்குப் பேசாமல் காசை ஜன்னல் வழியாக வீசலாம் என்பேன். ஒரு நாள் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், ஏம்ப்பா அந்தப் பொண்ணு சொல்றதைக் கேட்டுத் தொலையேன் என்று அதட்டிய பிறகுதான் அணைக்க ஆரம்பித்தார். அப்புறம் பழகிவிட்டது. கடைசி நாளிலும் அணைத்திருக்கிறார்... நெஞ்சு பிடித்ததும் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இறங்கி நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கப்புறம்தான் சாய்ந்திருக்கிறார், வண்டியில் வந்த ஆள்தான் இன்னொரு டாக்ஸியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நர்ஸ் என் கையில் சாவியைக் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, வண்டி ரோட்டில் கிடக்கிறதா, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டேன். அவர் உடம்பு அங்கே கிடக்க நான் கேட்ட முதல் கேள்வி அது. அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை, இப்போதும் குளிக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

ஏழு நிமிடம். நான் போய்ச் சேர்வதற்கு ஏழு நிமிடம் முன்னால் போய்விட்டார். பக்கத்தில் இருந்தது என் நாத்தனார், அவர் தங்கை, பிடித்து வைத்த மாதிரி நின்றுகொண்டு சொன்னாள், அண்ணி, அண்ணன் ரெண்டு தடவை கேட்டாரு அண்ணி, வந்துட்டாளான்னு கேட்டாரு, வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன். வந்துகொண்டே இருக்கவில்லை. நான் இங்கே இருந்தேன், இதே ரோலரில், பட்டை போட்டுக் கட்டிய காரில், நூற்று இருபதில். லேபின் போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது ஆயிரத்து எண்பதாவது வினாடியில், அது பதிவாகியிருக்கிறது, ஓட்டம் முடிந்தது ஆயிரத்து எண்ணூறில், அதுவும் பதிவாகியிருக்கிறது, நடுவில் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. ஐந்து நிமிடம் எனக்குக் கிடைத்திருக்கும். அவர் கையைப் பிடித்திருக்கலாம், வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாமே, மீதி நாலு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டாவது இருந்திருக்கலாமே... எழுபது, கோடு எழுபதில் நிற்கிறது, நானும் நிற்கிறேன்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள், நான் போகவில்லை, போகிற நிலைமையிலும் இல்லை. ஓட்டுகிற ஆளுக்கு வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தி ரோலரை நிறுத்த வேண்டும், அது சட்டம், சுவரில் ஒட்டியிருக்கிறது. ஏன் அழுத்தவில்லை என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் ஒரே வரிதான் சொன்னாராம், ஓட்டத்தை நிறுத்த வேண்டாம்னு முடிவு பண்ணினது நான்தான். அவ்வளவுதான், வேறு ஒரு சால்ஜாப்பும் இல்லை. அந்தக் கார் ராத்திரி முழுவதும் இந்த அறைக் குளிரில் நின்ற கார், ஒரு தடவை ஓட்டத்தை நிறுத்தினால் மறுபடி ஒரு ராத்திரி நிற்க வைத்துத்தான் தொடங்க முடியும், அந்த வாரம் அதற்கு முன்னால் இரண்டு ஓட்டம் வேறு ஆட்கள் ஓட்டிக் கெட்டிருந்தது, கம்பெனிக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள், எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தால் வயிறு எரியாதா? ஒரு ராத்திரிக்காகவா? மகள்தான் கடிதத்தை டைப் அடித்தாள், ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் இல்லாமல் அடித்தாள், அம்மா நீ கையெழுத்து மட்டும் போடு, அந்தாள் ஒரு நாள்கூட அங்க உட்காரக் கூடாது என்றாள். நேற்று ராத்திரிதான் போட்டேன். காலையில் வந்ததும், லெட்டர் குடுக்கணும் என்று மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினேன், அது இவர் காதுக்கும் போயிருக்கும். கையெழுத்துப் போட நாலு மாதம் ஏன் ஆயிற்று? அலுப்பாக இருந்திருக்கும். அல்லது... இல்லை, அலுப்புதான்.

மூன்றாவது பை. அன்றைக்குப் போன் வந்தது இதில்தான். அந்த ஓட்டம் நான் வாழ்க்கையில் ஓட்டியதிலேயே நல்ல ஓட்டம். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. கோடும் நானும் ஒன்றாகப் போனோம், காலுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி. வந்த எண் நூற்று எட்டு கிராம், அவர்கள் எதிர்பார்த்ததைவிட மூன்று குறைவு, எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்களாம், நான் அப்போது வெளியே டாக்ஸி தேடி ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கார் விற்பனைக்கு வந்துவிட்டது. என் பஸ் ஸ்டாப்பிலேயே விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள், பச்சை மலை, நீல வானம், நடுவில் கார், கீழே கொட்டை எழுத்தில் நூற்று எட்டு. தினமும் காலையில் பதினைந்து நிமிடம் அதன் எதிரில் நிற்கிறேன். நின்றுகொண்டிருக்கிறவர்கள் யாருக்கும் அது என்ன எண் என்று தெரியாது, எனக்குத் தெரியும், அதில் என் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. பூமி சூடாகாமல் இருக்க மூன்று கிராம் குறைத்தாயிற்று, சந்தோஷம். மூன்று கிராம் பெரிய விஷயம்தான், லட்சம் கார் ஓடினால் மலை மாதிரி சேரும், நானே எத்தனை தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் கடைசியில் ஒத்துக்கொண்டார், டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சார டாக்ஸி வாங்குவதாகத்தான் இருந்தது, கடையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, அதை உன் ரோலர்ல ஏத்தினா பையில என்ன வரும்? என்று கேட்டார். ஒண்ணும் வராது, அதுக்குப் புகைக்குழாயே கிடையாது என்றேன். அப்ப உனக்கு வேலை போயிடுமேடி என்று சிரித்தார், போகட்டும் என்றேன். போகட்டும் என்றுதான் சொன்னேன்... ஆயிரத்து அறுபது. ஆயிரத்து அறுபத்தைந்து.

இந்த இடம் வந்தால் நான் கண்ணாடிப் பக்கம் திரும்பவே மாட்டேன், திரையை மட்டும் பார்ப்பேன், நாலு மாதமாக அப்படித்தான். இன்றைக்கு என்னவோ ஓரக்கண்ணில் ஒரு அசைவு. சூப்பர்வைசர் எழுந்து நிற்கிறார். காதில் போன். மேனேஜராகத்தான் இருக்கும், மாடியிலிருந்து கூப்பிட்டிருப்பார், வந்துவிட்டேன், முடிந்ததும் அந்தம்மாவை மேலே அனுப்புங்கள் என்று. ரிசீவரை ஒரு கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார், நாலு மாதத்தில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்க்கிறார், என் வலது கை ஸ்டீயரிங்கிலேயே இருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்தது. நான் எழுப்பவில்லை. அதுவாக எழுந்தது. இருங்க, இதோ முடிச்சுட்டு வரேன் என்று காட்டுகிற விரல். எழுந்த விரலை நானே பார்த்தேன்.

இது முதல் தடவை இல்லை. அன்றைக்கும் அவர் எழுந்து நின்றார். மைக் அந்த வாரம் கெட்டுப்போய்க் கிடந்தது, அதனால் கண்ணாடியைத் தட்டினார், இரண்டு தடவை, மோதிரக் கையால் தட்டினால் மின்விசிறிச் சத்தத்தையும் மீறி ணங் ணங் என்று கேட்கும், போனைத் தூக்கிக் காட்டினார், உனக்குத்தான் என்று கையால் சைகை செய்தார். நான் பார்த்தேன். பார்த்தேனே! யார் என்றுகூடத் தோன்றியது, என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், சவாரி இல்லாத நேரத்தில் லேபுக்குப் போன் போட்டு என்னை வம்புக்கு இழுப்பது அவருக்கு வழக்கம், சூப்பர்வைசருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே எத்தனையோ நாள் காத்திருக்க வைத்திருக்கிறார். கோடு அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. நான் விரலைத் தூக்கினேன், இருக்கச் சொல்லுங்க. அவர் திரும்பத் தட்டினார். நான் திரும்பவும் தூக்கினேன், இந்தத் தடவை கொஞ்சம் எரிச்சலோடு. அதற்கப்புறம் அவர் தட்டவில்லை. இதை நான் மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். மறப்பதா, இதை எப்படி மறப்பது, வீட்டில் ஒரு அலமாரியைத் திறக்காமலே விடுகிற மாதிரி, இங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தே சுற்றிக்கொண்டு போவது... ரெண்டு தடவை கேட்டாரு அண்ணி. நானும் இரண்டு தடவைதான் இருக்கச் சொன்னேன்.

நான்காவது பை, நெடுஞ்சாலை, ஐந்தாவது கியர், தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து... கண் மறைக்கிறது, கோடு இரண்டாகத் தெரிகிறது, துடைக்கக் கையை எடுக்க முடியாது. கால் தப்பவில்லை. தப்பித் தொலையேன் என்று கெஞ்சுகிறேன், ஒரே ஒரு தடவை கோட்டை விட்டு வெளியே போயேன், இந்த ஓட்டம் நாசமாகப் போனால் என்ன, யாருக்கு என்ன, அவருக்காக ஒரு ஓட்டத்தைக்கூடக் கெடுக்காத கால்... போக மாட்டேன் என்கிறது. நூற்று முப்பது வரைக்கும் பஞ்சு மாதிரி ஏறி, பஞ்சு மாதிரி இறங்குகிறது. இவள் புருஷன் செத்தது அதற்குத் தெரியாது போலிருக்கிறது. அவர் ஏன் சொல்லவில்லை? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இந்த மனுஷன், விசாரணையில் நான் தட்டினேன், அந்தம்மாதான் விரலைக் காட்டியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, வேலை மேல் ஒரு கீறல் விழாது. அவர் கவனிக்கவில்லையா என் விரலை? கவனிக்காமல் எப்படித் தட்டுவதை நிறுத்தினார்?

சைபர். ரோலர் நின்றது. என்ஜினை அணைத்தேன். மின்விசிறி அடங்கியதும் அறையில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தார், வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு, காரின் முன் பக்கம் குந்தி உட்கார்ந்து பட்டையைத் தளர்த்த ஆரம்பித்தார். ஓட்டம் நல்லா வந்திருக்கும்மா, என்றார், டயரிடம் சொல்வதுபோல.

நான் ஜன்னலை இறக்கினேன். சார், என்றேன். நாலு மாதத்துக்கப்புறம் அவரிடம் பேசுகிற முதல் வார்த்தை. அன்னைக்கு நீங்க கண்ணாடியைத் தட்டினீங்க.

அவர் கை பட்டையிலேயே நின்றது.

நான் பார்த்தேன் சார். பார்த்துட்டுத்தான் விரலைக் காட்டினேன், ரெண்டு தடவை.

தெரியும்மா, என்றார்.

தெரிஞ்சே ஏன் சார் அப்படிச் சொன்னீங்க அவங்ககிட்ட?

அவர் கொக்கியை விடுவித்து, பட்டையைச் சுருட்டி, எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அப்புறம், பொத்தான் என் கைக்கிட்டதானேம்மா இருந்துச்சு, என்றார். அவ்வளவுதான். அடுத்த பட்டைக்குப் போனார், அங்கிருந்தபடியே, மேனேஜர் மேலதான் இருக்கார், லெட்டர் குடுக்கிறதா இருந்தா இப்பவே குடுத்துடு, மத்தியானம் கிளம்பிடுவாராம், என்றார், பஸ் போய்விடும் சீக்கிரம் போ என்று சொல்கிற மாதிரி.

நான் இறங்கவில்லை. இறங்கினால் லாக்கர் வரும், லாக்கரில் பை, பையில் கடிதம். கொடுத்தால் இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போவார், கொடுக்காவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். நாலு மாதமாக நான் அழவில்லை, ஒரு சொட்டுகூட, எல்லோரும் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள், அழுவதற்கு நேரம் எங்கே இருந்தது, காலையில் கண் விழித்தால் இவர் மேல் கோபம், படுத்தால் இவர் மேல் கோபம், அந்தக் கோபம்தான் என்னைக் குளிக்க வைத்தது, சமைக்க வைத்தது, பஸ் ஏற்றி விட்டது. எனக்கு மட்டுமா... சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே மகள் கேட்பாள், குடுத்தியாம்மா என்று. அப்பாவைப் பார்க்க விடாமல் செய்த ஆள் மேல் இருக்கிற கோபத்தில்தான் அவளும் காலேஜுக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறாள். அந்த ஆள் நான்தான் என்று தெரிந்த பிறகு அவள் எங்கே போய்ப் படுப்பாள்?